தென்னை நார், செயற்கை ரப்பர், கதிர்வீச்சு: மாட்டுப் பாய் வரும், கப்ளிங் வராது

தம்பி கேட்டிருப்பது இது. ஆனைமலைப் பக்கம் குடும்பத்துக்கு ஒரு நார் மில் இருக்கிறது. நாரைப் பேல் கட்டி அனுப்புவதில் மிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. காஸ்டிக்கில் பதப்படுத்திய நாரைச் செயற்கை ரப்பரில் கலந்து கதிர்வீச்சு கொடுத்தால் பலம் பல மடங்கு ஏறும் என்று எங்கோ படித்திருக்கிறார். அதை வைத்து மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் ரப்பர் பாயும், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்குக்குப் போடும் ரப்பர் புஷ்ஷும் செய்யலாமா, கதிர்வீச்சு பட்ட பாயை மாடு மிதித்தால், நக்கினால் கெடுதல் வருமா என்பது கேள்வி. பிரித்துப் பார்த்தால் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நார் ரப்பரோடு ஒட்டுமா, ஒட்டினால் எந்தப் பொருளுக்கு அது உதவும், அந்தப் பொருளை வேக வைக்க, அதாவது மாவு மாதிரி இருக்கும் ரப்பரின் சங்கிலிகளைப் பிணைத்து இறுக்க, கதிர்வீச்சுதான் வேண்டுமா. கடைசிக் கேள்வியில் கவர்ச்சி அதிகம். உங்கள் காசு பிழைப்பதும் போவதும் முதல் கேள்வியில்தான்.

நான் ரப்பர் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் பம்பு பாகங்களுக்கு ரப்பர் காம்பவுண்டு (ரப்பரோடு மற்ற சாமான்கள் சேர்ந்த கலவை) போடும் வேலையில் வருஷக்கணக்காக இருப்பவன். பிரஸ்ஸில் வார்க்கும் சின்னச் சாமான்கள்தான் என் பிழைப்பு. டயர் என் துறை கிடையாது. அதனால் கீழே சொல்வதை மோல்டிங் கடைக்காரன் பார்வை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'பல மடங்கு' என்ற வார்த்தையைக் கொஞ்சம் சந்தேகப்படுவோம். இந்த வகை ஆய்வுகளில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் ரப்பர் எஸ்பிஆர், அதாவது ஸ்டைரீன் பியூட்டாடையீன். இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று வரிசைகட்டிப் படிகமாகி, இழுக்க இழுக்கத் தானே பலம் கூட்டிக்கொள்ளும். அதனால் வேறு எதுவும் கலக்காமல் வேக வைத்தாலே அறும் முன் அது தாங்கும் இழுவிசை 20 மெகாபாஸ்கலைத் தாண்டும். எஸ்பிஆருக்கு அந்தக் குணம் இல்லை. சும்மா வேக வைத்த எஸ்பிஆர் 2, 3 மெகாபாஸ்கலில் அறுந்துவிடும். அதில் எந்த நாரைப் போட்டாலும் பலம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியதாகக் காட்டலாம், பொய்யும் இல்லை. ஆனால் கோயம்புத்தூரில் பீளமேடு, கணபதிப் பக்கம் எந்த ரப்பர் கடையிலும் வெறும் எஸ்பிஆரில் யாரும் பாகம் வார்ப்பதில்லை. நூறு பங்கு ரப்பருக்கு 40, 50 பங்கு கார்பன் பிளாக் (நுண்ணிய கரித்தூள்) சேர்த்துத்தான் வார்க்கிறார்கள். அப்போதே அது 20 மெகாபாஸ்கல் பக்கம் வந்துவிடுகிறது. ஆக, எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை. வெறும் ரப்பரோடு ஒப்பிட்ட மடங்குக் கணக்கு உங்கள் வியாபாரத்துக்கு உதவாது.

கார்பன் பிளாக்கும் நாரும் செய்யும் வேலை வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகப் புழங்கும் 330 ரக கார்பன் பிளாக்கின் துகள் 30 நானோமீட்டர் அளவு. ஒரு கிராமை எடுத்தால் 75 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கும். உங்கள் மில்லில் வரும் நார் 0.2 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு கிராமுக்குக் கிடைக்கும் பரப்பு 0.02 சதுர மீட்டர்கூட வராது. நாலாயிரம் மடங்கு வித்தியாசம். ரப்பர் பிடித்துக்கொள்ள அவ்வளவு குறைந்த இடம்தான் நாரில் இருக்கிறது. அதனால் கார்பன் பிளாக்குக்குப் பதில் நார் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நார் தருவது விறைப்பு, கிழியாத தன்மை, வேகாத ரப்பர் மாவு தொய்யாமல் நிற்கும் உடம்பு, அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்காமல் இருப்பது. அதற்கு விலையாக நீட்சியைப் பறித்துக்கொள்ளும். 400 சதவீதம் நீண்ட ரப்பர் நார் போட்டதும் 100-க்குக் கீழே வந்து நிற்பது சகஜம்.

இது புதிய யோசனை என்றும் நினைக்க வேண்டாம். 1970-களிலேயே மான்சான்டோ கம்பெனி மரக்கூழ் நாரைப் பதப்படுத்தி 'சான்டோவெப்' என்ற பெயரில் ரப்பருக்காகவே விற்றது. ஹோஸ் பைப் வரை அது போனது. இன்றும் பல வி-பெல்ட்டுகளின் அடிப்பாகத்தில் குட்டை நார் குறுக்குவாட்டில் படுக்க வைக்கப்பட்டிருக்கும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு இன்னொரு உறவும் தெரியும்: முறுக்கிப் பிரித்த சுருள் நாரில் ரப்பர் பாலைத் தெளித்து, சூட்டில் வேக வைத்து மெத்தை செய்வது. அங்கே நார்தான் உடம்பு, ரப்பர் வெறும் பசை. நீங்கள் கேட்பது அதற்குத் தலைகீழ். ரப்பர் உடம்பு, நார் எலும்பு. அதனால் மெத்தை அனுபவம் இங்கே பாதிதான் கை கொடுக்கும்.

எந்த நார் என்பதற்கு வருகிறேன். தென்னை நாரில் லிக்னின் (இழைகளை ஒட்டிவைக்கும் மரப்பொருள்) 40 சதவீதத்தைத் தாண்டும், பலம் தரும் இழைப்பொருளான செல்லுலோஸும் ஏறக்குறைய அதே அளவு. கற்றாழை நாரில் செல்லுலோஸ் மூன்றில் இரண்டு பங்கு. கோபி, பவானி பக்கம் எடுக்கும் வாழை நாரும் கிட்டத்தட்ட அப்படித்தான். இழுவிசையில் தென்னை நார் 150 முதல் 200 மெகாபாஸ்கல் என்றால், கற்றாழை 400-க்கு மேல் சாதாரணமாகப் போகும். ஆனால் தென்னை நாரை இழுத்தால் 15 சதவீதத்துக்கு மேல் நீண்டு கொடுத்த பிறகுதான் அறும். கற்றாழை 3 முதல் 7 சதவீதத்திலேயே முடிந்துவிடும். தென்னை நாருக்குள் செல்லுலோஸ் இழைகள் சாய்வாகச் சுற்றியிருப்பதுதான் காரணம். விறைப்பு வேண்டுமென்றால் கற்றாழை, ஈரத்தில் கிடந்தும் மக்காமல் இருக்க வேண்டுமென்றால் தென்னை. மாட்டுக் கொட்டகை எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒட்டும் சமாச்சாரம். நார் தண்ணீரை விரும்பும் பொருள், ரப்பர் எண்ணெய் ஜாதி. போதாக்குறைக்குத் தென்னை நாரின் மேல்தோலில் மெழுகு இருக்கிறது, இடையிடையே சிலிக்கா நிறைந்த சின்னக் குமிழ்களும் பதிந்திருக்கின்றன. காஸ்டிக் சோடாவில் ஊற வைக்கும்போது மெழுகும் ஹெமிசெல்லுலோஸும் கரைந்து போகும், குமிழ்கள் விழுந்து அந்த இடங்களில் குழிகள் மிஞ்சும். ரப்பர் அந்தக் குழிக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஈரோட்டிலும் திருப்பூரிலும் பருத்தியை மெர்சரைஸ் செய்வதற்கு இது சொந்தக்கார வேலைதான், ஆனால் அங்கே காரம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், இங்கே 5 சதவீதக் கரைசல், சாதாரண வெப்பத்தில் சில மணி நேரம் போதும். பத்துக்கு மேல் ஏற்றினால் நார் வெளுப்பாக அழகாக இருக்கும், உள்ளே பலம் போயிருக்கும். ஜான் மெர்சர் காரத்தின் வேலையைக் கவனித்ததும், சார்லஸ் குட்இயர் கந்தகம் போட்டு ரப்பரை வேக வைப்பதற்குக் காப்புரிமை வாங்கியதும் ஒரே 1844-ஆம் ஆண்டு. ரெண்டு பேரும் எங்கெங்கோ செய்ததை நீங்கள் ஆனைமலையில் ஒரே தொட்டியில் சேர்க்கப் பார்க்கிறீர்கள்!

காரத்தில் ஊற வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கழுவுவதில்தான் பாதி வேலை. நாரில் காரம் மிச்சம் இருந்தால் கந்தக காம்பவுண்டு சீக்கிரமே வேகத் தொடங்கிவிடும், ரப்பர் கலக்கும் ரோல் மில்லில் இருக்கும்போதே கட்டிதட்டும். அதனால் கடைசியாக ஒரு தண்ணீரில் கொஞ்சம் அசெட்டிக் அமிலம் விட்டு, லிட்மஸ் நிறம் மாறுவது நிற்கும் வரை அலச வேண்டும். தென்னை மட்டையில் உப்பும் பொட்டாசியமும் நிறைய உண்டு, அது கழுவாமல் தங்கினால் உங்கள் இரும்பு டை (வார்க்கும் அச்சு) துருப்பிடிக்கும். அமிலம் அதிகமானாலும் தொல்லை, வேகுவது தாமதமாகும்.

அப்புறம் ஈரம். வெயிலில் காய்ந்த நாரைக் கையில் எடுத்தால் மொறுமொறு என்றுதான் இருக்கும், ஆனால் அதில் 10 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. நூறு பங்கு ரப்பருக்கு 20 பங்கு நார் போட்ட காம்பவுண்டில், மற்ற சாமான்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிலோவுக்கு 11 கிராம் தண்ணீர் பிரஸ்ஸுக்குள் போகிறது. அது ஆவியாகி வெளியே வந்தால் 18 லிட்டர் இடம் கேட்கும். 150 டிகிரியில் பிரஸ் மூடியிருக்கும்வரை அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும். திறந்த மறு நொடி, பாய் அங்கங்கே தோசை மாதிரி உப்பி எழும்பும். வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு நாரைச் சுற்றியும் ஒரு காலிக் குழாய் தெரியும். நாரை 80 டிகிரி அடுப்பில் காய வைத்து, ஈரத்தை 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, சூடு ஆறுமுன் பாலித்தீன் பையில் கட்டி, அன்றைக்கே ரோல் மில்லில் ஏற்ற வேண்டும். ஐப்பசி மழையில் திறந்து வைத்த பை ஒரு ராத்திரியில் பழைய ஈரத்துக்குத் திரும்பிவிடும்.

காரம் தோலைச் சுரசுரப்பாக்குவதோடு சரி. உண்மையான ஒட்டுக்கு இடையில் ஒரு ஆள் வேண்டும். பல காலமாக நம்பத் தகுந்த ஆள், காம்பவுண்டிலேயே கலக்கும் மூவர் கூட்டணி: ரிசார்சினால், ஹெக்சாமெதிலீன்டெட்ரமின், ஈரச் சிலிக்கா. பிரஸ் சூட்டில் முதல் இரண்டும் சேர்ந்து ஒரு பிசினாகி, ஒரு கையால் நாரையும் மறு கையால் ரப்பரையும் பிடித்துக்கொள்ளும். டயர் நூலுக்கு ரிசார்சினால் பால் தோய்க்கும் பழைய முறையின் உலர் வடிவம் இது. புகை கண்ணை எரிக்கும், காற்றோட்டம் முக்கியம். சிலேன் என்றொரு வகையும் உண்டு, சிலிக்கா டயர்களுக்குப் போடும் கந்தகச் சிலேன் நாருக்கும் வேலை செய்கிறது, விலைதான் இடிக்கும். மலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்ட வைத்த ரப்பர்கள் மூன்றாவது வழி.

ஒட்டியதா இல்லையா என்று அறிய நுண்ணோக்கி தேவையில்லை. வெந்த ஷீட்டிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டி, ஓரத்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, குறடால் பிடித்து மெதுவாகக் கிழியுங்கள். கிழிந்த வாயில் நார்கள் முழு நீளத்துக்குப் பழுப்பாக, பளிச்சென்று உருவி வந்து, எதிர்ப்பக்கத்தில் கறுப்பாக வழவழவென்று துளைகள் இருந்தால் ஒட்டவே இல்லை. அந்த நார் வெறும் நிரப்பி, அவ்வளவுதான். நார்கள் குட்டையாக அறுந்து, நுனிவரை கறுப்பு ரப்பர் அப்பியிருந்தால் ஒட்டியிருக்கிறது. இந்தச் சோதனையில் தேறாத ஷீட்டை எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பிப் பணம் கட்டாதீர்கள்.

ரோல் மில்லில் ஏற்றும்போது நாரின் நீளம் 6 முதல் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோளத்தட்டு நறுக்கும் மெஷினில் பல்லை நெருக்கி வைத்தால் ஓரளவு வரும், நீளம் ஒன்றுபோல இருக்காது, பரவாயில்லை. இதற்கு மேல் நீண்டால் ரோலின் மேல் பந்து பந்தாகச் சுருண்டுகொள்ளும், பிறகு எத்தனை தடவை விட்டாலும் அவிழாது. ரப்பர் ரோலில் பிடித்ததும் நாரை மெல்லத் தூவி, அப்புறம் கார்பன் பிளாக், எண்ணெய், கடைசியில் கந்தகம். ரோல் இடைவெளியைக் குறுக்கி ஒரே திசையில் சில தடவை இழுத்தால் நார்கள் எல்லாம் அந்தத் திசையில் படுத்துவிடும். நீளவாட்டில் விறைப்பாகவும் குறுக்குவாட்டில் தொளதொளப்பாகவும் ஷீட் வரும். பாய்க்கு இரண்டு மெல்லிய ஷீட்டைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒன்றாக அழுத்துங்கள்.

இப்போது கதிர்வீச்சு. எலக்ட்ரான் கற்றையோ காமா கதிரோ ரப்பர் சங்கிலியில் பட்டால் ஒரு ஹைட்ரஜனைத் தட்டிவிடும், அந்த இடம் ரேடிக்கல், அதாவது துணை தேடும் முனை, ஆகும், பக்கத்துச் சங்கிலியில் உள்ள இன்னொரு ரேடிக்கலோடு சேர்ந்து கார்பன்-கார்பன் பாலம் போடும். கந்தகம் வேண்டாம், துத்தநாக ஆக்சைடு வேண்டாம், பிரஸ் சூடு வேண்டாம். கார்பன் பாலம் கந்தகப் பாலத்தைவிட உறுதி, வெப்பம் தாங்கும். ஆர்தர் சார்ல்ஸ்பி 1950-களின் தொடக்கத்தில் பாலித்தீனில் இதைக் காட்டிய பிறகு, கேபிள் உறை, சூடு பட்டால் சுருங்கும் குழாய், டயரின் உள் அடுக்கை முன்கூட்டி அரைவேக்காடு ஆக்குவது என்று உலகம் முழுக்க இது வியாபாரமாக நடக்கிறது. இதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் இங்கேதான்: எந்தக் கதிர் ரப்பரைக் கட்டுகிறதோ அதே கதிர் செல்லுலோஸை வெட்டுகிறது. எஸ்பிஆர் நன்றாக வேக 50 முதல் 200 கிலோகிரே (பொருள் உள்வாங்கும் கதிரின் அளவு) வரை தேவைப்படும். ஒப்பிட, வெங்காயம் முளைக்காமல் இருக்க நாசிக் பக்கம் லாசல்காவில் கொடுப்பது 0.1 கிலோகிரேக்கும் கீழே, ஊசி மருந்துக் குழாயைக் கிருமி நீக்க வழக்கமான அளவு 25. பருத்தி நூலுக்கு 100 கிலோகிரே கொடுத்தால் அதன் சங்கிலிகள் துண்டு துண்டாகி, பலம் கண்கூடாகக் குறைந்துவிடும். தென்னை நாரில் லிக்னின் அதிகம் என்பதால் அது ஓரளவு கேடயமாக நிற்கிறது. சரி, நல்லதுதானே என்றால், அதே லிக்னின் ஃபீனால் வகை, ரேடிக்கல்களை விழுங்கும், ரப்பர் வேகுவதற்கும் தடை போடும். மேலே சொன்ன ரிசார்சினாலும் அதே ஜாதிதான். ஆக, கந்தக முறைக்கு உதவும் ஒட்டுக் கூட்டணி கதிர்வீச்சுக்கு ஒத்துவராது. டிஎம்பிடிஎம்ஏ, டிஏஐசி மாதிரி பல கை கொண்ட மோனோமர்களை (ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சின்ன மூலக்கூறுகளை) கொஞ்சம் சேர்த்துத் தேவையான கதிர் அளவைப் பாதியாகக் குறைக்கப் பார்ப்பார்கள், அதுதான் புத்திசாலித்தனம். ரப்பரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எஸ்பிஆர், என்பிஆர் (நைட்ரைல் ரப்பர்), இபிடிஎம் (எத்திலீன் புரொப்பிலீன் ரப்பர்) கதிரில் கட்டிக்கொள்ளும், பியூட்டைல் ரப்பர் கரைந்து கூழாகும். டியூப் ரப்பரை மறுசுழற்சி செய்வதில் அந்தக் குணத்தையே பயன்படுத்துகிறார்கள்.

கனம் இன்னொரு தடை. நவி மும்பை வாஷியில் அணுசக்தித் துறையின் கதிர்வீச்சுத் தொழில்நுட்ப அமைப்பான பிரிட் வளாகத்தில் வைத்த மாதிரி 2 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட கற்றை என்றால், ரப்பருக்குள் ஒரு பக்கமிருந்து 5, 6 மில்லிமீட்டர்தான் ஒழுங்காக இறங்கும். திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் கொடுத்தாலும் 13 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். மாட்டுப் பாய் 15, 20 மில்லிமீட்டர் கனம். நடுவில் வேகாத மாவு கிடக்கும். 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் கற்றை தாண்டிப் போகும், அந்த இயந்திரத்தின் வாடகைக்கு உங்கள் பாய் கட்டுப்படியாகாது. கோபால்ட்-60 காமா எந்தக் கனத்தையும் ஊடுருவும், ஆனால் மணிக்குச் சில கிலோகிரேதான் தரும், 100-ஐ எட்ட ஒரு பகல் ஒரு இரவு ஆகும், அத்தனை நேரமும் மேல்பரப்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் அரிக்கும். எலக்ட்ரான் கற்றை நொடிகளில் முடிக்கும், ஆனால் 100 கிலோகிரேயை ஒரே மூச்சில் கொடுத்தால் ரப்பர் 50 டிகிரி சூடேறும், நாரில் ஈரம் இருந்தால் இங்கேயும் உப்பும். அதனால் பல தவணையாகக் கொடுப்பார்கள்.

மாட்டுக்குக் கெடுதல் உண்டா என்ற கேள்விக்கு நேரான பதில்: இல்லை. கோபால்ட் காமாவின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான்வோல்ட். இதுவோ, 10-க்குக் கீழ்ப்பட்ட எலக்ட்ரானோ பட்ட பொருள் தானே கதிர் வீசும் பொருளாக மாறாது. ரேடியம் பூசிய கடிகாரமும் இதுவும் வேறு. ஆபத்து முழுவதும் கதிர் கூடத்துக்குள்தான், அதனால்தான் அங்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. மாடு பாயை நக்குவதில் கவலைப்பட வேண்டியது காம்பவுண்டில் போடும் மலிவு எண்ணெயையும் பழைய டயர் பொடியையும் பற்றித்தான்.

எது உறுதி, எது இழுபறி என்று பிரித்துச் சொன்னால்: நாரைக் காரத்தில் பதப்படுத்தினால் ஒட்டு கூடும், ஒட்டுப் பிசின் போட்டால் இன்னும் கூடும், நார் போட்டால் விறைப்பும் கிழிப்பு எதிர்ப்பும் ஏறும், நீட்சி குறையும், கதிர் எஸ்பிஆரை வேக வைக்கும், செல்லுலோஸை வெட்டும். இவை எந்த ஊரிலும் மாறாது. கதிரால் நாருக்கும் ரப்பருக்கும் நடுவிலேயே நேரடியாகப் பாலம் விழுகிறது, அதனால்தான் பலம் கூடுகிறது என்று சொல்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரப்பர் இறுகியதால் வந்த பலத்தையும் ஒட்டால் வந்த பலத்தையும் அந்தச் சோதனைகளில் பிரிப்பது கடினம். ஒரு குறிப்பிட்ட கதிர் அளவில் பலம் உச்சம் என்று கட்டுரைகள் சொல்லும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மட்டையின் முற்றல், ஊற வைத்த தண்ணீர், நார் கனம் எல்லாம் மாறும்போது அந்த எண்ணும் நகரும். கதிரின் உருப்படியான பயன் நாருக்குத் தனியாகச் சில கிலோகிரே மட்டும் கொடுத்து, மேல்பரப்பில் அக்ரிலிக் மாதிரி மோனோமரை ஒட்டி வளர்ப்பதில் இருக்கலாம் என்பது என் கணிப்பு. குறைந்த அளவு என்பதால் நார் பிழைக்கும். மெல்லிய, விலை உயர்ந்த பொருளுக்கு அது சரிப்படும், பாய்க்குத் தேவையில்லை.

உங்களுக்கு இதில் ஆர்வம் அடங்கவில்லை என்றால் மும்பைக்கு எழுதுமுன் ஒரு வேலை செய்யுங்கள். கந்தகத்துக்குப் பதில் டைக்யூமில் பெராக்சைடு போட்டு 160 டிகிரியில் வேக வையுங்கள். அதுவும் ரேடிக்கல் வழிதான், அதே கார்பன் பாலம்தான், லிக்னின் போடும் தடைகூட அதேதான். சாதாரண பிரஸ் போதும். பெராக்சைடில் நார் போட்டது, போடாதது இரண்டையும் வைத்துப் பார்த்தால், கதிர்வீச்சில் என்ன கிடைக்கும் என்பதன் ஓரளவு நெருக்கமான படம் கோயம்புத்தூரை விட்டு நகராமலே கிடைத்துவிடும். செல்லுலோஸ் வெட்டுப்படுவது மட்டும் இதில் தெரியாது, ஆகவே நிஜக் கதிரில் முடிவு இதைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நாரின் பலத்தைத் தனியாக அளக்க சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இங்கேயே இருக்கிறது. ரப்பர் சோதனைக்குத் தானேயில் உள்ள இந்திய ரப்பர் பொருள்கள் ஆராய்ச்சி நிறுவனம் (முன்பு ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம்) உண்டு. நார் பற்றிய பழைய ஆய்வுகளுக்கு ஆலப்புழை கலவூரில் உள்ள கயிறு ஆராய்ச்சி நிலையத்தைக் கேளுங்கள்.

கப்ளிங் புஷ்ஷை மறந்துவிடுங்கள். அது நிமிஷத்துக்கு 1440, 2880 சுற்றில் ஓயாமல் அழுந்தி விடுபடும் சாமான். ஒவ்வொரு நாரின் நுனியிலும் இழுவிசை குவியும், அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கும், ஆயிரக்கணக்கான நுனிகள் ஒரே புஷ்ஷுக்குள் இருக்கும். நார் போட்ட ரப்பர் அழுந்தி மீளும்போது உள்ளுக்குள் அதிகமாகச் சூடேறும். முதல் வாரம் விறைப்பாக, அருமையாக ஓடும், அப்புறம் பொடிப்பொடியாகக் கொட்டும். கிணற்று மோட்டார் நின்றால் விவசாயி உங்கள் நாரையா பாராட்டுவார்? அதற்கு நல்ல என்பிஆர் காம்பவுண்டு போதும், நார் வேண்டாம்.

பாய்க்கு வாருங்கள். 10 முதல் 20 பங்கு நார், கந்தக முறை, ஒட்டுக் கூட்டணி, இதில் நிச்சயம் நல்ல பொருள் வரும். குளம்பு குத்திக் கிழியாமல் இருப்பதற்கு நார் உதவும், சரக்கு தன் எடையில் இழுபட்டுப் பெரிதாகாமலும் இருக்கும். பலவீனம் ஓரங்களில். வெட்டிய விளிம்பில் நார் நுனிகள் வெளியே தெரியும், கோமியமும் தண்ணீரும் அந்த நுனி வழியாக உள்ளே ஏறும், நார் உப்பி ஒட்டு விடும். எந்தப் பதப்படுத்தலும் நாரைத் தண்ணீர் பிடிக்காததாக ஆக்காது. அதனால் பாயை வெட்டி விற்காதீர்கள், அளவான டையிலேயே வார்த்து, மேலும் கீழும் ஓரங்களிலும் நார் இல்லாத ரப்பர் தோல் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருக்குமாறு செய்யுங்கள். செய்த பாயை ஒரு மாதம் கோமியத் தொட்டியில் ஊறப் போட்டு, எடை எவ்வளவு ஏறியது, கிழிக்கும் சோதனையில் நார் உருவி வருகிறதா என்று பார்த்த பிறகு கடைக்குக் கொடுங்கள்.

செலவுக் கணக்கில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று காஸ்டிக் தண்ணீர். ஒரு கிலோ நாருக்கு ஊற வைக்க, அலச, மீண்டும் அலச என்று 40, 50 லிட்டர் சாதாரணமாகப் போகும், அது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் லிக்னினோடு வெளியே வரும். நொய்யலுக்காக 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை, ஆழியாற்றுப் பாசனத்தில் தென்னைக்காரர்கள் இன்னும் சீக்கிரம் கேட்பார்கள். சிறிய அளவில் தொடங்கும்வரை காரத்தையே விட்டுவிட்டு, வெந்நீரில் அலசி நன்றாகக் காய வைத்த நாரோடு ஒட்டுக் கூட்டணியை மட்டும் நம்பிப் பாருங்கள். காரம் போட்ட நாரைவிடக் கொஞ்சம் குறையும், ஆனால் மாட்டுப் பாய்க்கு அந்தக் குறைவு பெரும்பாலும் தாங்கும். கிழிப்புச் சோதனையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால் மட்டும் காஸ்டிக் தொட்டி கட்டுவதைப் பற்றி யோசியுங்கள், அதுவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி கைக்கு வந்த பிறகு.